பனிச்சறுக்குக் கண்ணாடிக்கு ஒரு வில்லை போதுமா?

கேள்வி: குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடுவோர் ஒரே கண்ணாடிக்கு இரண்டு வில்லைகள் வைத்திருப்பது ஏன்? கறுப்பாக ஒன்று இருந்தால் போதாதா?

பதில்: போதாது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை வில்லை உள்ளே விடுகிறது என்பதே ஒளி ஊடுருவல் அளவு எனப்படும். ஐரோப்பியத் தரநிலை இதனை 0 முதல் 4 வரையான வகைகளாகப் பிரிக்கிறது. புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரையிலும், கண்கூசும் வெளிச்சத்தில் பெரும்பகுதியையும் திருப்பி அனுப்புவதால், வானம் தெளிந்த நாளில் 8 முதல் 18 விழுக்காடு ஒளியை மட்டும் விடும் 3ஆம் வகைக் கருவில்லை தேவைப்படுகிறது. மேகம் மூடிய நாளிலோ ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் பரவி நிழல்களை அழித்துவிடுவதால், மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் தாளாகத் தோன்றும். அப்போது 43 விழுக்காட்டுக்கு மேல் ஒளி விடும் 1ஆம் வகை மஞ்சள் வில்லை, நீல ஒளியைக் குறைத்து, பனியில் பதிந்த தடங்களின் விளிம்புகளை எடுத்துக்காட்டுகிறது. வெயிலுக்கு அஞ்சிக் கருவில்லையோடு மட்டும் சென்றவர், மேகம் திரண்டதும் பள்ளத்துக்கு அஞ்ச நேரிடும்.

புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமன்று, வில்லையின் பாலிகார்பனேட் பொருளே என்பதால், வெளிர் வில்லையும் கண்ணைக் காக்கும். வில்லையை மாற்றும்போது அதன் உட்புறத்தை அழுத்தித் துடைக்கலாகாது. ஆவி படியாமல் காக்கும் பூச்சு, ஈரமாயிருக்கையில் உரசினால் உரிந்துவிடும். ஆகவே வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என இரண்டு வில்லைகளே சரியான தேர்வு.