தோள்தான் முதலில்!

கேள்வி: பழைய துணிச் சந்தையில் வாங்கிய உடுப்பை அலுவலகத்துக்கு மிடுக்காக உடுத்த முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக! டெல்லி ரகுபீர் நகரின் பழைய துணிச் சந்தையில் விடியுமுன்பே துணிக் குவியல் விரிந்துவிடும். நம் தெருவில் நடப்பதைப் போலவே, பாத்திரத்துக்குக் கைமாறிய பழைய துணிகள்தான் அங்கும் வந்து சேர்கின்றன.

எந்தக் குவியலிலும் தோள் தையலை முதலில் பாருங்கள். இடுப்பை டெய்லர் பிடித்துத் தருவார், நீளத்தை மடித்து அடிப்பார். தோளைத் திருத்துவதோ பாதிச் சட்டையைப் பிரித்துத் தைக்கிற வேலை! காலர் உள்பக்கம், அக்குள், ஜிப் மூன்றையும் வெளிச்சத்தில் சோதியுங்கள். கருநீலப் பேன்ட் ஒன்றும் வெள்ளைக் காட்டன் சட்டை ஒன்றும் அமைந்தால், மற்ற நிறங்கள் தாமாகவே ஜோடி சேரும். மங்கிய பட்டனை மாற்றுங்கள், சட்டைக்குப் பத்து வயது குறையும். துவைக்காமல், இஸ்திரி போடாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.