கோச்சில் சிறார் ஆட்சி: ஐரோப்பியக் குழுச் சுற்றுலா பற்றிய ஓர் ஆய்வு

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுவாகப் போகிறவர்களின் பயணத்தை நடத்துவது டூர் மேனேஜர்தான் என்று பரவலாக நம்பப்படுகிறது. அவர் கையில் கொடி இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்குகிறது. கோச்சில் மைக் அவரிடம் இருக்கிறது. ஆனால் சின்னங்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடமே அதிகாரமும் இருக்கும் என்று நினைப்பது, தமிழ்நாட்டில் நாலு தேர்தல் பார்த்த எவருக்கும் வரக்கூடாத எண்ணம். கோச் எப்போது கிளம்பும், எங்கே நிற்கும், எந்த அருங்காட்சியகம் விட்டுப்போகும், இரவு எத்தனை மணிக்கு அறை விளக்கு அணையும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அந்தக் கூட்டத்திலேயே மிகக் குட்டையானவர். இக்கட்டுரை அதை நிறுவ முயல்கிறது.

சான்றுகள் மூன்று வகை. கோச்சின் பின்வரிசையில் உட்கார்ந்து நேரில் கண்டவை முதல் வகை. உறவினர் வீட்டில் காபி கொடுத்து, தப்பிக்க வழியில்லாமல் ஃபோட்டோ காட்டும்போது கேட்க நேர்ந்தவை இரண்டாம் வகை. குழந்தைகள் தாமாகச் சொன்னவை மூன்றாம் வகை. இவற்றுள் மூன்றாவதே நம்பத்தக்கது.

இத்துறையில் எதை எழுதினாலும் தாமஸ் குக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடங்குவது மரபு. 1841 ஜூலை 5 அன்று அவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக, சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டிப்போனார். அடுத்து வந்த கோடைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் ரயிலேற்றினார். 1855இல்தான் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குள் ஆட்களை அழைத்துச் சென்றார். ஆக, முதல் ஆண்டுகளிலேயே இந்தத் தொழிலுக்குள் குழந்தைகள் நுழைந்துவிட்டார்கள். குடிகாரர்களைச் சமாளிப்பது எளிதா, குழந்தைகளைச் சமாளிப்பது எளிதா என்று அந்த மனிதர் நாலு வரி எழுதி வைத்திருந்தால் பின்வந்தவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

இனி இலக்கணம். குழந்தை என்பது யார்? விமான நிறுவனத்துக்கு இரண்டு வயது நிரம்பாதது மடிக்குழந்தை; வெளிநாட்டுப் பயணத்தில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு முதல் பன்னிரண்டு நிரம்பும்வரை குழந்தை. அப்புறம் முழு ஆள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு வயது ஆகாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் 45 யூரோ. அதற்கு மேல் 90. பைசா கோபுரத்தில் எட்டு வயது ஆகாதவர்கள் ஏற முடியாது. பாரிஸ் டிஸ்னிலாண்டில் வயதே செல்லாது, உயரம்தான் கணக்கு: ஒரு ரோலர் கோஸ்டருக்கு 102 செ.மீ., இன்னொன்றுக்கு 120. நம் ஊர் டூர்க்காரர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தைகளை ‘சைல்ட் வித் பெட்’, ‘சைல்ட் வித்தவுட் பெட்’ என்று இரண்டே சாதியாகப் பிரிக்கிறார்கள். இதில் படுக்கை இல்லாத குழந்தைதான் இரவில் கட்டிலின் நட்டநடுவில் குறுக்காகப் படுக்கும். படுக்கைக்குப் பணம் கட்டிய இருவரும் இரண்டு விளிம்பிலும் தொங்குவார்கள்.

தமிழ் மரபு இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. பிள்ளைத்தமிழ் மூன்றாம் மாதத்துக் காப்புப் பருவத்தில் தொடங்கி, இருபத்தொன்றாம் மாதத்துச் சிறுதேர்ப் பருவத்தில் முடிவதாகக் கணக்குச் சொல்வார்கள். அதாவது பத்துப் பருவமும் மடிக்குழந்தை டிக்கெட்டுக்குள் அடக்கம். புலவர்கள் விவரமானவர்கள். தனி சீட் வாங்க வேண்டிய வயதுப் பிள்ளையைப் பாட அவர்கள் துணியவில்லை.

வயதைக் கையாள்வதில் நமக்கென்று ஒரு கலை உண்டு. ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்பதால், நம் பிள்ளைகள் பல வருடங்கள் நாலரை வயதிலேயே நிற்பார்கள். பாஸ்போர்ட்டிடம் அந்தப் பாச்சா பலிக்காது. டிஸ்னிலாண்டில் நிலைமை தலைகீழ். அளவுகோலுக்கு முன்னால் நிற்கும் பையனிடம், “நிமிர்ந்து நில்லுடா, லேசா குதிகாலைத் தூக்கு” என்று கிசுகிசுக்கிறார் அப்பா. இந்திய ரயிலில் குனிந்து பழகிய அதே பிள்ளை பாரிஸில் எக்கப் பழகுகிறது.

அடுத்தது காலம். இந்தியக் குழுச் சுற்றுலாவில் 6-7-8 என்றொரு வாய்பாடு இருக்கிறது. ஆறு மணிக்கு அறை போன் அடித்து எழுப்பும். ஏழுக்குக் காலை உணவு. எட்டுக்குக் கோச் புறப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோடையில் மத்திய ஐரோப்பாவைவிட இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை இந்த வாய்பாடு கண்டுகொள்வதில்லை. விடிகாலை மூன்றரைக்கு, அதாவது நம் வீட்டுக் கடிகாரப்படி ஏழு மணிக்கு, குழந்தை பளிச்சென்று விழித்துக் கட்டிலில் குதிக்கிறது. மூன்றரையிலிருந்து ஆறுவரை அறைக்குள் நடப்பது எதுவும் பயணத் திட்டத்தில் அச்சாவதில்லை. எட்டு மணிக்குக் கோச் கிளம்பியதும் குழந்தை தூங்கிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலை வருகிறது, போகிறது. தலைக்குப் பத்தாயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய காட்சி கண்ணாடிக்கு வெளியே ஓட, உள்ளே வாய் பிளந்து உறக்கம். இரவிலாவது தூங்குமா என்றால், ஜூன் மாதத்துப் பாரிஸில் சூரியன் மறையவே ஏறத்தாழப் பத்து மணி ஆகிறது. “இன்னும் இருட்டவே இல்லையேம்மா” என்ற வாதத்துக்கு இன்றுவரை எந்தத் தாயாலும் மறுப்பு எழுத முடியவில்லை.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் விதிப்படி, கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அதைப் பதினைந்து, முப்பது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வண்டியிலுள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது, மீறினால் அபராதம். இந்த விதியை வகுத்தவர்கள் ஓட்டுநரின் கண், கை, கால் ஆகியவற்றைக் கருதினார்கள். நாலு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை அவர்களுடைய நினைவுக்கு வரவில்லை. அந்த உறுப்பு நாலரை மணி நேரத்தை ஏற்பதில்லை. காலையில் குடித்த ஆரஞ்சு ஜூஸ் மூன்று டம்ளர் என்றால் முக்கால் மணியையே ஏற்பதில்லை.

ஒரு நிறுத்தம் எப்படி உண்டாகிறது என்பதை நெருங்கிப் பார்த்திருக்கிறேன். ஜெர்மன் நெடுஞ்சாலை. பின்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், “அம்மா, ஒண்ணுக்கு.” அம்மா, “கொஞ்சம் அடக்கிக்கோ கண்ணு, வந்துடும்.” எது வந்துவிடும் என்று அவர் தெளிவாகச் சொல்வதில்லை. குரல் உயர்கிறது. மூன்று வரிசை முன்னாலுள்ள பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். டூர் மேனேஜர் ஓட்டுநரைப் பார்க்கிறார். கோச்சுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பதை ஓட்டுநர்கள் தம் வீட்டுப் பூஜையறையில் செருப்போடு நுழைவதாகக் கருதுகிறார்கள். ஒருவழியாக வண்டி ஓரம் கட்டுகிறது. கதவு திறந்ததும் இறங்கி ஓடுபவர் யார்? குழந்தை அல்ல. அந்தப் பெரியவர்தான். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பிறகு இரண்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், அப்புறம் கிட்டத்தட்ட கோச் முழுவதும். குழந்தை கடைசியில் நிதானமாக இறங்கி, “எனக்கு இப்ப வரல” என்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் கண்டுபிடிப்பு முக்கியமானது. அந்தக் கோச்சில் அரை மணி நேரமாகப் பலர் தவித்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்து கேட்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. மறுநாள் அதே பெரியவர் அந்தப் பையனுக்கு ஒரு சாக்லேட் கொடுத்து, “தம்பி, உனக்கு அவசரம்னு ஒரு தடவை சொல்லேன், தாத்தாவுக்கு சுகர் இருக்கு” என்று காதில் ஓதியதை நானே கேட்டேன். பையன் இரண்டு சாக்லேட்டுக்குச் சம்மதித்தான். மக்களாட்சியில் பிரதிநிதித்துவம் என்பது இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஜெர்மன் நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பலவற்றில் உள்ளே போக ஒரு யூரோ. ஏறத்தாழ நூறு ரூபாய். பதிலுக்கு ஒரு சீட்டு தருவார்கள். அதைப் பக்கத்துக் கடையில் கழித்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகள் நுழையத் தனியாக ஒரு குட்டி வாசல், இலவசமாக. நூறு ரூபாய் என்று மனத்துக்குள் பெருக்கிய அப்பாக்கள் அந்தக் குட்டி வாசலைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் ஏக்கத்தை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இந்தப் பிரச்சினைக்கு ஐரோப்பா ஒரு நினைவுச்சின்னமும் எழுப்பியிருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் நின்றபடி சிறுநீர் கழிக்கும் பையனின் வெண்கலச் சிலை. உயரம் 55.5 செ.மீ. 1619இல் ஜெரோம் டூகெனுவா செய்தது. இன்று தெருவில் நிற்பது நகல், மூலம் அருங்காட்சியகத்தில். அந்தப் பையனுக்கு உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த உடைகள் ஆயிரத்துக்கும் மேல். நம் சிவன்கோயில் உற்சவரைப் போல விசேஷ நாட்களில் அலங்காரம் உண்டு. பெரியவர்கள் “இத்துனூண்டா? இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தங்களில் ஒருவனுக்குச் சிலை வைத்திருக்கும் ஊர் என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. பயணத் திட்டத்தில் இதற்குப் பதினைந்து நிமிட ஃபோட்டோ ஸ்டாப்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்குப் பெற்றோர் சொல்லும் காரணம் “நாலு இடம் பார்த்தாத்தான் அறிவு வளரும்” என்பது. யார் எதைப் பார்க்கிறார்கள்? ஈஃபில் கோபுரத்திலிருந்து இறங்கிய ஆறு வயதுத் தகவலாளியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “லிஃப்ட் நேரா போகல, சாய்வா போச்சு” என்றாள். அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். 330 மீட்டர் கோபுரத்தைக் காட்ட வந்தால் லிஃப்டைப் பார்த்திருக்கிறதே! ஆனால் 1889இல் அதைக் கட்டியவர்களை வாட்டியதும் அதேதான்: சாய்ந்து வளைந்த கால்களுக்குள் லிஃப்டை எப்படி ஏற்றுவது? குழந்தை பொறியாளரின் கண்ணால் பார்த்தது. அப்பா கோபுரத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

வெனிஸில் புனித மார்க் சதுக்கத்தில் பிள்ளைகளுக்குப் பேராலயம் தெரிவதில்லை, புறாதான் தெரியும். 2008 முதல் அங்கே புறாவுக்கு இரை போடத் தடை. துரத்தத் தடை இருப்பதாகப் பிள்ளைகள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. டிட்லிஸ் மலையில், சுழன்றுகொண்டே ஏறும் கேபிள் காரில் போய் இறங்கியதும் பிள்ளைகள் பனியில் முதலில் செய்வது, அள்ளி வாயில் போட்டுக்கொள்வது. ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலில் பனியை அடைத்து ஊருக்குக் கொண்டுபோக முயன்றாள். கூட வந்திருந்த பாட்டி சால்வையை இறுக்கிக்கொண்டு, “ஃப்ரிட்ஜை மூணு மாசம் துடைக்காம விட்டா நம்ம வீட்டிலேயே இது கிடைக்குமே” என்றார். இரண்டு பேரும் பனியைத்தான் உண்மையாகப் பார்த்தார்கள் என்பது என் முடிபு.

“நாலு வயசுல கூட்டிட்டுப் போனா என்ன ஞாபகம் இருக்கும், காசுக்குப் பிடிச்ச கேடு” என்பது எதிர்த்தரப்பு வாதம். நியாயமான வாதமாகத் தோன்றும். ஆனால் வாட்டிகன் போய்வந்த பெரியவர் ஒருவரிடம், மைக்கேலாஞ்சலோ நாலு வருடம் உழைத்துத் தீட்டிய சிஸ்டைன் தேவாலயக் கூரையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “ரொம்ப நல்லா இருந்துது. ஒரே கூட்டம். கழுத்து வலி” என்பார். அங்கே ஃபோட்டோ எடுக்க அனுமதி இல்லாததால் அவரிடம் வேறு சான்றும் இராது.

கோச்சுக்குள் நடப்பதுதான் மிஞ்சியிருக்கிறது. முதல் நாள் அத்தனை பேரும் அந்நியர். யார் வீட்டு டிரைவர் சம்பளம் எவ்வளவு என்பதுவரை மெல்லத்தான் தெரியவரும். பிள்ளை இருந்தால் அந்த வேலை இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் நாள் காலை அது யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த முறுக்கைத் தின்னும். அவர் தாத்தா ஆகிவிட்டார். முறுக்குப் பொட்டலத்தை நீட்டியவர் பெரியம்மா. இருக்கைகளைத் தினமும் முன்பின்னாக மாற்றி உட்காரவைப்பது வழக்கம் என்பதால், முதுகில் விழும் குட்டி உதையும் பாரபட்சமின்றி எல்லாருக்கும் கிடைக்கிறது. தேனிலவுக்கு வந்த ஜோடிக்கும். ஐந்தாம் நாள் மைக் கை மாறுகிறது. “அந்தக் குறளைச் சொல்லு கண்ணா” என்று தாய் தூண்ட, பிள்ளை இரண்டு குறளோடு நிறுத்தாமல் சினிமாப் பாட்டுக்குத் தாவுகிறது. டூர் மேனேஜர் முன்சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆட்சி மாற்றம் முறைப்படி நிறைவுற்றது.

ஒரு விதிவிலக்கைப் பதிவு செய்தாக வேண்டும். பெரியவர்கள் முப்பத்தைந்து பேருக்கு நடுவே தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒற்றைப் பிள்ளை ஆள்வதில்லை, அழுகிறது. அத்தனை தாத்தா பாட்டிகளின் அன்பு அதற்குப் போதவில்லை. பிள்ளைகள் பார்க்கப் போவது ஐரோப்பாவை அல்ல, இன்னொரு பிள்ளையை. கூட ஓட ஒரு ஆள் இருந்தால் ரோமாபுரியும் நல்ல இடம், ரோட்டோரப் பெட்ரோல் பங்கும் நல்ல இடம்.

எனவே, முன்பணம் கட்டும் முன் டூர்க்காரரிடம் ஓட்டல் எத்தனை நட்சத்திரம், இரவில் சாம்பார் உண்டா என்றெல்லாம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதே தேதியில் உங்கள் பிள்ளை வயதில் வேறு பிள்ளைகள் வருகிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி மாற்றுடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூட்கேஸ் கோச்சின் அடியில் போய்விடும், ஓட்டல் வரும்வரை கைக்கு வராது.