முகம் திருப்பாத கேள்விக்குறி

கேள்வி: மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் கேள்விக்குறி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறதே, எபிரேயமும் வலமிருந்து இடம் போவதுதானே, அங்கேயும் அப்படித்தானா?
– தோட்டத்து வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: இல்லை. எழுத்து வலமிருந்து வந்தாலும், கேள்விக்குறியும் காற்புள்ளியும் ஐரோப்பாவிலிருந்து இறங்கிய கோலத்திலேயே நிற்கின்றன. சொந்தச் சரக்கும் உண்டு: வேதாகம வசனம் முடிந்தால், நம் முக்காற்புள்ளி போல இரண்டு புள்ளி. சொற்களை இணைக்கும் கோடு எழுத்தின் தலைமட்டத்தில். சுருக்கப்பெயர் என்றால், கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக்கீற்று. உயிரொலிக் குறிகளோ பிள்ளைகளின் புத்தகத்திலும் கவிதையிலும் வேதத்திலும் வரும். செய்தித்தாளில் வராது, வாசிப்பவரே ஊகிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துகளை மொட்டையாக விட்ட பரம்பரை நாம். இன்றைக்குக் காகிதம் கிழியாது. அந்தத் தைரியத்தில்தான் ஒரே வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி போடுகிறோம்!!!