ஒரு பல் செய்யும் வேலை

பிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலுக்கு ஓய்வில்லை. உதிரிகளைக் கழற்றக் கழற்ற விலை ஏறும் அபூர்வ வண்டி இது. காசு குறைவென்றால் முதலில் வாங்க வேண்டியது முன்பிரேக். பிரிட்டனில் 1983 விதிகள்படி அது கட்டாயம். அழகு கெடும் என்பவர்கள் பல் மருத்துவர் செலவையும் கணக்கில் சேர்க்கலாம். பிறகு நல்ல டயர், பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் வார். பின் பல்சக்கரம் மலிவு, பலனோ பெரிது: முன்னே 48, பின்னே 16 பல் என்றால், எப்போதும் ஒரே காலை முன்வைத்துப் பெடலை நிறுத்திச் சறுக்கி நிற்பவரின் பின்டயர் ஒரே இடத்தில் தேயும், 17 பல் என்றால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பரவும். கார்பன் சக்கரம் வண்டியைவிடப் பணப்பையின் எடையைத்தான் திறமையாகக் குறைக்கும். தங்கநிறச் செயினால் வேகம் கூடுவது திருடனுக்கு மட்டுமே. அதை மாட்டியவர் நல்ல பூட்டும் வாங்கியாக வேண்டும்.