லைசென்ஸ் மணியக்காரர்

கட்டட வரைபட அலுவலகங்களில் ஓர் இனம் அருகிக்கொண்டு வருகிறது. பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பொது லைசென்ஸை நிறுத்தப்போவதாக 2020-ல், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அறிவித்தது. பொது லைசென்ஸ் ஒன்றைக் கொடுத்தால் பெயர் போட்ட லைசென்ஸ் இரண்டு என்று பண்டமாற்றும் ஆரம்பித்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. ஆளுக்கொன்று என்று ஆகிவிட்டால் அதைக் கண்காணிக்கிறவருக்கு என்ன வேலை? முழுதாக மறைவதற்குள் அவரைக் கொஞ்சம் எழுதி வைத்துவிடலாம்.

பதவிப் பெயர் சிஸ்டம் அட்மின். பிரிண்டர் காகிதத்தை மென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், நெட் போனால் அவரை, எம்.டி. மகனுடைய போனில் வாட்ஸ்அப் திறக்காவிட்டாலும் அவரை. இதையெல்லாம் ‘உம்’மென்று முகத்தை வைத்துக்கொண்டு செய்வார். அந்த முகத்தில் களை வருவது ஒரே ஒரு வேலைக்கு. ஆட்டோகேட் லைசென்ஸ் யார் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. அதனால்தான் அலுவலகம் அவருக்கு மணியக்காரர் என்று பெயர் வைத்திருந்தது, அவர் காதுபடாமல்.

ஆள் 30, லைசென்ஸ் 10. எல்லோரும் ஒரே நேரத்தில் வரையவா போகிறார்கள் என்று எம்.டி. வாங்கிய கணக்கு அது. ஆட்டோகேடைத் திறந்தால் அது சர்வரிடம் போய்க் கேட்கும். சர்வர் பத்தில் ஒன்றைக் கொடுக்கும், மூடினால் திரும்ப வாங்கிக்கொள்ளும். பதினோராவது ஆளுக்கு மைனஸ் நான்கு என்ற பிழை எண் வரும். ஒன்பதரை மணிக்கு மேல் வருகிறவர்களிடம், “என்ன ப்ரோ, வேலை ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டால், “எங்க? மைனஸ் நாலு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். சம்பளத்தோடு ஓய்வு தரும் எண் அது.

வேலை செய்தே தீர வேண்டியவர்கள் துண்டு போடக் கற்றுக்கொண்டார்கள். காலை 8:45-க்கு வந்து, தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல் ஆட்டோகேடைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். பிறகு மின்னஞ்சல், கிரிக்கெட் ஸ்கோர், எக்ஸெல். வரைவது மூன்று மணிக்கு மேல்.

மணியக்காரரின் ஆயுதம் ‘எல்எம்ஸ்டாட்’ என்ற ஒரு கட்டளை. தட்டினால் கறுப்புத் திரையில் வரிசையாக வரும்: மொத்தம் எத்தனை, வெளியே போனது எத்தனை, யார் பெயரில், எந்தக் கணினியில், எத்தனை மணியிலிருந்து. அதை அச்செடுத்துக்கொண்டு வந்து சத்தமில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்.

“தம்பி, 8:47-லேருந்து வெச்சிருக்கீங்க.”

“வேலை ஓடிட்டிருக்கு சார்.”

“எங்க ஓடுது? எக்ஸெல்தானே தெரியுது?”

“குவான்டிட்டி பாத்துட்டுதான் சார் வரையணும்.”

“பாத்து முடிச்சிட்டுத் திறங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு மைனஸ் நாலுல உக்காந்திருக்கு.”

அந்தப் பெண் காதில் ஹெட்போனோடு சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். மூடிவிடாதே என்று தம்பியிடம் கண்ணால் கெஞ்சுவார்.

இந்தப் பட்டியலைத் தினமும் படிப்பவருக்கு ஹெச்.ஆர். தேவையில்லை. ஒருவர் திடீரென்று இரவு எட்டு மணி வரை லைசென்ஸை விடாமல் வைத்திருந்தால் அப்ரைசல் நெருங்குகிறது. இரண்டு வாரமாக ஆட்டோகேடைத் தொடவே இல்லை, ஆனால் காலை முதல் கணினி முன்னால்தான் இருக்கிறார் என்றால் பயோடேட்டா தயாராகிறது. இதையெல்லாம் மணியக்காரர் யாரிடமும் சொல்வதில்லை. சிரித்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கே பாதி அலுவலகம் பயந்தது.

அவருடைய அதிகாரம் செல்லாத இடமும் உண்டு. லைசென்ஸை லேப்டாப்பில் கடன் வாங்கிக்கொண்டு வெளியூர் போக வழி இருக்கிறது. கெடு முடியும் வரை அது அந்த லேப்டாப்புக்குத்தான் சொந்தம்; லேப்டாப்பை அணைத்து வைத்தாலும் சர்வரால் பிடுங்க முடியாது. சீனியர் மேனேஜர் 30 நாள் கெடு போட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு மகள் கல்யாணத்துக்குப் போனார். மணியக்காரர் மொய்க் கவரோடு நேரில் போய் வாழ்த்திவிட்டு, பந்தியில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து, “சார், லேப்டாப்ப ஒரு நிமிஷம் ஆன் பண்ணி ரிட்டர்ன் பண்ணிட்டீங்கன்னா...” என்றார். ரசம் பரிமாறினார்களே தவிர லைசென்ஸ் திரும்பவில்லை.

ஸ்டாட் புரோ என்றால் அவருக்கு வேறு விதமான பயம். பென்ட்லி நிறுவனத்தின் மென்பொருள் அது. அந்நாளில் பதினோராவது ஆளையும் அது தடுக்காது, பன்னிரண்டாவது ஆளையும் தடுக்காது. வாங்க, உட்காருங்க என்று எல்லோருக்கும் திறந்துவிட்டுவிட்டு, அளவுக்கு மேல் பயன்படுத்தியதற்குக் காலாண்டுக் கணக்கில் பில் அனுப்பும். “இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவன நம்பலாம், இந்தச் சிரிச்ச மூஞ்சியத்தான் நம்பக் கூடாது” என்பார். என் அனுபவத்தில் மனிதர்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் அவர் சொன்னது மென்பொருளைத்தான்.

புதிதாகச் சேர்ந்த பையன்கள், “எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம், கிராக் போட்டுடலாமே?” என்பார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் எடுப்பார்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63-பி. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். “ஏழு நாள் லீவு எந்தக் கணக்குல போடுவே? சி.எல்.லா, இ.எல்.லா?” பையன்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

துண்டு போடுகிறவர்களை ஒழிக்க ஒருநாள் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். சர்வரின் ஆப்ஷன்ஸ் ஃபைலில் டைம்அவுட் என்று எழுதி, பக்கத்தில் 900 என்று போட்டார். 900 விநாடி யாரும் தொடாமல் கிடந்தால் லைசென்ஸ் தானாகக் கழன்றுவிடும். காலையில் எல்லாருக்கும் மெயில் போனது. மதியத்துக்குள் மாற்று மருந்து தயார். சாப்பிடப் போகிறவர் பக்கத்து சீட்டிடம் சொல்லிவிட்டுப் போவார்: “மச்சி, அப்பப்ப நம்ம சிஸ்டத்துல ஒரு லைன் போட்டு அழிச்சிடு.”

போடுவதில் ஒருவரும் தவறவில்லை.

வேளச்சேரி ஸைட்டிலிருந்து போன் வந்தது. “சார், மாடிப்படி லேண்டிங்ல குறுக்கால ஒரு கோடு போகுதே, பீம் சைஸ் போடலையே?” மேனேஜர் டிராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டார். நான் அப்படி ஒரு கோடு போடவே இல்லை என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மணியக்காரர் லாகை எடுத்து வந்தார். மதியம் 1:05 முதல் 2:10 வரை லைசென்ஸ் அவர் பெயரில், ஒரு விநாடிகூடக் கழலாமல்.

“சார், அந்த நேரத்துல நான் கீழ மெஸ்ல இருந்தேன். வேணும்னா பஞ்ச் பாருங்க.”

பஞ்சையும் பார்த்தார்கள். மெஸ்ஸில்தான் இருந்திருக்கிறார். மணியக்காரர் இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு காகிதத்தில் ஆள் வெளியே, இன்னொரு காகிதத்தில் ஆள் உள்ளே. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு சாட்சியத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. விசாரணை பக்கத்து சீட்டுக்குப் போனது, அங்கிருந்து அதற்கும் பக்கத்து சீட்டுக்கு. அரை மணி நேரம் கழித்துத்தான் ஸைட் இன்ஜினியர் இன்னும் லைனில் இருப்பது மேனேஜருக்கு ஞாபகம் வந்தது.

“அது பீம் இல்லப்பா. விட்டுடு.”

“லேட்டாகுதுன்னு பக்கத்து பீம் சைஸையே எடுத்துக் கம்பி கட்டியாச்சு சார்.”