கயிறு பிடிக்கும் கைகள்

வாசகர் கேள்வி – பதில்

மிஷனெரி ஞாயிறு நெருங்குகிறது. வந்த கடிதங்களில் ஊழியத்தைத் தாங்குவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மிஷனெரி ஊழியம் அழைப்புப் பெற்றுப் போகிறவர்களுடையது. வீடு, வயல், பிள்ளைகள் என்று ஊரோடு இருக்கிற எங்களுக்கு அதில் என்ன பங்கு? (வாசகர், சாத்தான்குளம்)

பதில்: உங்கள் பக்கம் கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளே இறங்குகிறவர் ஒருவர். மேலே கயிறு பிடிக்கிறவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் யாராவது "எனக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை" என்று கையை எடுப்பாரா?

1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று சீட்டில் எழுதி, ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டார்கள். மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரியை மறு ஆண்டு வங்காளத்துக்கு அனுப்பியது அந்தச் சங்கம்தான். நீங்கள் இறங்குங்கள், கயிற்றை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஃபுல்லர். 1815-ல் கண் மூடும்வரை சங்கச் செயலராக ஊர் ஊராய் அலைந்து காணிக்கை சேர்த்தார். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் கேரி ஊழியம் செய்த செராம்பூரில் நடந்த ஒவ்வொரு வேலையிலும் அவருடைய கை இருந்தது.

கேள்வி: மிஷனெரி என்றாலே கப்பலில் வந்த வெள்ளைக்காரர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. நம்மவர்கள் யாரையாவது அனுப்பியிருக்கிறார்களா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே! வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் கடல் தாண்டி ஊழியம் செய்வதைக் கண்டார். அந்த உறுத்தலோடு திரும்பி வந்தவர், 1903-ல் பாளையங்கோட்டையில் மற்றவர்களோடு சேர்ந்து திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. மறு ஆண்டே தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு மிஷனெரி போனார். 1909-ல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போய், தெலுங்கு கற்று ஊழியம் செய்தார். 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். பனையேறிகளும் விவசாயிகளும் நிறைந்த சபைகள் கொடுத்த காசில் எழுந்த பணி அது. நாம் வாங்கிக்கொண்ட சபை மட்டுமல்ல, அனுப்பிவைத்த சபையும்கூட.

கேள்வி: முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறேன். படுக்கையை விட்டு எழுவதே சிரமம். நான் என்ன செய்ய முடியும், ஐயா? (மூத்த வாசகி, மெஞ்ஞானபுரம்)

பதில்: அம்மா, கேரிக்கு மேரி என்று ஒரு தங்கை இருந்தார். பக்கவாதத்தில் அரை நூற்றாண்டளவு படுக்கையிலேயே கிடந்தவர். அண்ணன் வங்காளத்திலிருந்து எழுதும் கடிதங்களை வாசித்து, அதில் கண்ட ஒவ்வொரு தேவைக்காகவும் ஜெபித்தார். முடிந்தபோதெல்லாம் பதிலும் எழுதினார். உங்கள் படுக்கையருகே ஒரு மிஷனெரிக் குடும்பத்தின் படத்தை ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். எங்களில் பலருக்குக் கிடைக்காத நேரம் உங்களிடம் இருக்கிறது. அது சிறிய காணிக்கை அல்ல.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்குக் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அது முடிந்த பிறகு ஒரு மிஷனெரியைத் தாங்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம். சரிதானே? (சபை மக்களில் ஒருவர், மார்த்தாண்டம்)

பதில்: கோபுரம் முடிந்தால் சுற்றுச்சுவர் வரும், சுவர் முடிந்தால் கல்யாண மண்டபம் வரும். முடியட்டும் என்று காத்திருந்தால் முறை வரவே வராது.

மிசோரம் மலைக்கு முதல் மிஷனெரிகள் 1894-ல் போய்ச் சேர்ந்தார்கள். 1910-ல், அதாவது பதினாறே ஆண்டுகளில், அங்குள்ள ஏழைப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போனது. இன்றுவரை அந்த வழக்கம் நிற்கவில்லை. வருகிற ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத் தொகையில் ஒரு பங்கை மிஷனெரிக்கென்று தீர்மானமாக எழுதி வையுங்கள். கோபுரமும் வளரட்டும்.

கேள்வி: "மிஷனெரிகளை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஒரு வரியில் ஜெபம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. (வாலிபர் சங்க உறுப்பினர், தூத்துக்குடி)

பதில்: விவரம் தெரியாதவருக்கு ஜெபமும் ஒரு வரிதான் வரும். நீங்கள் தாங்கும் மிஷனெரியின் மனைவி பெயர் என்ன? பிள்ளை எந்த வகுப்பு? அந்த ஊரில் என்ன மொழி? குடிதண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மலேரியாக் காலம் எப்போது? இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் அரைமணி நேரம் போதாது. ஊழிய இதழில் வரும் ஜெபக் குறிப்புகளை வெட்டி வேதப் புத்தகத்துக்குள் வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வட மாநிலங்கள்வரை மிஷனெரிகளை அனுப்பிய ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட், 1959-ல் இளைஞர்களின் ஜெபக்குழுக்களாகத்தான் தொடங்கியது. முழங்காலில் நின்றவர்களுக்குள்ளிருந்துதான் போகிறவர்கள் எழும்பினார்கள்.

கேள்வி: கொடுக்கும் பணம் பணித்தளத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் விசுவாசமில்லை என்பார்களோ? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல, நல்ல உக்கிராணத்துவம். பவுல்கூட எருசலேமுக்கான காணிக்கையைத் தனியே எடுத்துப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போனார். மூன்றைக் கேளுங்கள்: பதிவு எண் உள்ள ரசீது, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, பணித்தளத்திலிருந்து வரும் அறிக்கை. தனி நபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் நிறுத்தி யோசியுங்கள். 80ஜி வரிச்சலுகை வேண்டுமென்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் நாங்கள் தாங்கும் ஊழியத்துக்கு இங்கிருந்து பணம் அனுப்பலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டுப் பணம். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்பு வேண்டும். டில்லி ஸ்டேட் பாங்கின் பிரதான கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். அவசரத்தில் சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் நல்ல மனது அங்கே ஊழியம் செய்கிறவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

கேள்வி: பழைய துணிகளை மூட்டை கட்டிப் பணித்தளத்துக்கு அனுப்பலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அந்தத் துணியை உடுத்திக்கொண்டு நீங்கள் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வருவீர்கள் என்றால் அனுப்பலாம்.

கேள்வி: எங்கள் வாலிபர்கள் இருபது பேர் ஐந்து நாள் பணித்தளம் பார்க்கப் போகிறார்கள். ஏதாவது ஆலோசனை? (வாலிபர் சங்கச் செயலர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் அங்குள்ள மிஷனெரியிடம் "எப்போது வரட்டும், எத்தனை பேர் வரட்டும்?" என்று கேளுங்கள். ஒருவேளை அவர் ஆறு பேர் போதும் என்பார். இருபது பேருக்குச் சமைத்தே அவர் மனைவி களைத்துப்போவார். சாப்பாட்டுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். குழுவில் ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர், கணக்குப் பாடம் சொல்லித்தரும் ஒருவர் இருக்கட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பெற்றவர்கள் சம்மதம் நமக்கு வேண்டும், உங்கள் பிள்ளைக்கு வேண்டியிருப்பதுபோல. திரும்பி வந்தபின் ஒரு வருஷம் கடிதம் போடுவோம் என்று போகுமுன்பே பொருத்தனை பண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூர தேசத்து ஊழியம் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளூரில் செய்ய ஒன்றுமில்லையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: திருப்பூரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்! ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று நாம் ரயிலேறிப் போன ஊர்களெல்லாம் உங்கள் பனியன் கம்பெனி வாசலில் வந்து நிற்கின்றன. அவர்கள் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்கத் தெரியாமல் நிற்கிறவரோடு வரிசையில் நில்லுங்கள். அவர் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போங்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு குடும்பத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் கட்டிய குளோரிந்தா அம்மையார், ஊர் மக்கள் குடிக்கக் கிணறும் வெட்டினார். "பாப்பாத்தியம்மாள் கிணறு" என்றே அதற்குப் பெயர் வந்தது. அவர் பிறப்பால் மராத்தியர், அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். வெளியூர்க்காரர் ஒருவர் நமக்குத் தண்ணீர் கொடுத்தார் என்பதை நாம் மறக்கலாமா?

கேள்வி: உதவி செய்வதே மதம் மாற்றத்தான் என்று பேசுகிறார்களே. என்ன பதில் சொல்வது? (வாசகர், சேலம்)

பதில்: வாயால் சொல்லும் பதில் போதாது. நம் உதவியில் தூண்டில் முள் இருக்கவே கூடாது. சபைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை என்று தெரிந்த வீட்டுக்கும் அதே அரிசி, அதே மருந்து, அதே மரியாதை. நம்பிக்கை எதுவென்று கேட்கிறவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காதவரிடம் அரிசிக்கு விலையாக அதை வைக்காதீர்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் எதையும் விசாரிக்கவில்லை. கட்டுப் போட்டான், சத்திரத்துக்குப் பணம் கட்டினான்.

கேள்வி: எனக்குப் பிரசங்கம் வராது. நர்ஸ் வேலைதான் தெரியும். நானும் மிஷனெரியாக முடியுமா? (செவிலியர், வேலூர்)

பதில்: நீங்கள் இருக்கிற ஊரே பதில் சொல்கிறது. திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் தவித்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டு ஆண்கள் வந்து ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பா ஆண் என்பதால், அவரை அனுமதிக்க அந்த வீட்டாரின் வழக்கம் இடம் தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மிஷனெரி ஆகமாட்டேன் என்றிருந்த ஐடா, அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். நியூயார்க்கில் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். உங்கள் பிரசங்கம் உங்கள் கையில் இருக்கிறது, அம்மா. வருஷத்தில் இரண்டு வாரம் விடுப்பெடுத்து ஒரு பணித்தள மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தரும் சில்லறையால் என்ன ஆகிவிடும்? (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, சாயர்புரம்)

பதில்: கப்பல் ஆகும். 1844-ல் பசிபிக் தீவுகளின் ஊழியத்துக்காக "ஜான் வில்லியம்ஸ்" என்ற கப்பல் புறப்பட்டது. அதை வாங்கிக் கொடுத்தது இங்கிலாந்தின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த காசு.

கேள்வி: ஏழு வருஷமாக ஒரு மிஷனெரியைத் தாங்குகிறோம். ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. காணிக்கையை வேறு பணிக்கு மாற்றலாமா என்று கமிட்டி கேட்கிறது. (சபைப் பொருளாளர், தென்காசி)

பதில்: கேரி 1793-ல் வங்காளம் வந்தார். கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு வருஷம்! இதற்கிடையில் கேரியின் சிறு மகன் இறந்தான், மனைவியின் மனநிலை குலைந்தது. கெட்டரிங்காரர்கள் ஆறாம் வருஷம் கயிற்றை விட்டிருந்தால்? பனை விதைத்தவன் அடுத்த பங்குனியில் பதநீர் கேட்பதில்லை. உங்கள் மிஷனெரிக்கு இப்போதுதான் கூடுதலாக எழுதுங்கள். எண்ணிக்கை கேட்காமல், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு ஊர் வரும் மிஷனெரியை எப்படிக் கவனிப்பது? (பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், நாலுமாவடி)

பதில்: முதல் வாரம் எந்தக் கூட்டத்திலும் பேசச் சொல்லாதீர்கள். தூங்கட்டும். பல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போங்கள். தமிழ் எழுத்து மறந்துபோன பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். இன்னொன்றும் உண்டு: முப்பது வருஷம் வெளியே ஊழியம் செய்தவருக்கு ஓய்வுக்காலத்தில் ஒதுங்கச் சொந்த வீடு இருக்காது. அவர் பெயரில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சபை இன்றே சேர்க்கத் தொடங்கட்டும். கிணற்றிலிருந்து மேலே வருகிறவரைக் கைதூக்கிவிடுவதும் கயிறு பிடித்தவர்களின் கடமைதான்.

கேள்வி: இவ்வளவையும் கேட்டபின், நான் முதலில் செய்ய வேண்டியது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (வாசகி, சென்னை)

பதில்: இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சேகரகுருவிடம் போய், "நம் சபை தாங்கும் மிஷனெரியின் பெயரும் விலாசமும் வேண்டும்" என்று கேளுங்கள். அன்று மாலையே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்று ஐயரவர்கள் சொன்னால், இருவருமாகக் கமிட்டிக்கு எழுதுங்கள். கயிற்றின் ஒரு முனை உங்கள் கைக்கு வந்துவிடும். அதன்பின் விடாதீர்கள்.