ஆன்டெனா திருப்பல்: முத்துநகர் மொட்டைமாடிகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

முத்துநகர் எனப்படும் தூத்துக்குடியை ஆராய வந்தவர்கள் முத்தை ஆராய்ந்தார்கள், சங்கை ஆராய்ந்தார்கள், உப்பையும் விட்டுவைக்கவில்லை. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் 1914-இல் சங்குக்கென்றே தனி நூல் எழுதிவிட்டுப் போனார். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்கு எழுதியாயிற்று. ஆனால் இதே ஊரில் ஒரு தலைமுறைப் பையன்கள் மொட்டைமாடியில் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்து நின்றே வளர்ந்தார்கள். அதைப் பற்றி ஓர் அடிக்குறிப்புகூட இக்கட்டுரையாளரின் கண்ணில் பட்டதில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

‘ஆன்டெனா திருப்பல்’ என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் படம் பார்ப்பதற்காக, வீட்டுக்கு மேலே நிற்கும் இன்னொருவர் படம் பார்க்காமல் செய்யும் வேலையே ஆன்டெனா திருப்பல். இந்த வரையறையின் பிற்பகுதி முக்கியமானது. கட்டுரையின் முடிவில் அது மீண்டும் தேவைப்படும்.

2. வரலாற்றுப் பின்னணி

இக்கரையின் பொழுதுபோக்கு கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது புதிதல்ல. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு கேட்டால் நாடு கெட்டுப்போகும் என்று கருதி, அதை ஆல் இந்தியா ரேடியோவை விட்டு ஒதுக்கிவைத்தார். நாடோ கெட்டுப்போவதென்று முடிவு செய்து வானொலி முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தாலும், தென்கடற்கரைக்காரர்கள் இலங்கை வானொலியைக் கைவிடவில்லை. அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் இங்கே பல வீடுகளில் சொந்த மாமன்களைவிட அதிகம் பேசியவர்கள்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு இப்பால் இருந்த தூத்துக்குடிக்கு அது பேப்பரில் படித்த செய்தி, அவ்வளவே. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது, அதுவும் வண்ணத்தில். அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. டெல்லி நம்மை நினைத்துப் பார்ப்பதற்குள் மலையுச்சியில் நின்று ஒருவன் நம்மைக் கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்ட குரலுக்கு எந்த வீட்டில் செவி முளைத்தது என்பது தெருவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது: மாடியில் குழாய் நின்றது.

3. கருவியின் அமைப்பு

மாடியில் நின்ற அந்த மீன்முள்ளுக்கு யாகி-உடா ஆன்டெனா என்று பெயர். ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்தாரோ உடாவும் ஹிதெத்ஸுகு யாகியும் 1926-இல் உலகுக்கு அளித்தது. பின்பக்கம் ஒரு நீளக் கம்பி, அது அலையைத் தடுத்துத் திருப்பும். அடுத்து வளைந்த கம்பி, அதில்தான் ஒயர் இணையும். முன்பக்கம் வரிசையாகக் குட்டைக் கம்பிகள், அவை அலைக்கு வழிகாட்டும். முகத்தை எந்தத் திசைக்குக் காட்டுகிறோமோ அந்தத் திசையை மட்டுமே இது நன்றாகக் கேட்கும். இந்தக் குணத்திலிருந்துதான் திருப்பும் வேலையே பிறந்தது.

ஜப்பானியர் எதிர்பாராத சில உறுப்புகளைத் தூத்துக்குடி சேர்த்தது. ஒன்று, இருபதடி இரும்புக் குழாய். இரண்டு, குழாய் சாயாமலிருக்க வலைக்கடையில் வாங்கிய நைலான் கயிறு. மூன்று, குழாயின் அடியில் முட்டுக்கொடுக்க ஒரு செங்கல். நான்கு, வரும் அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டர். ஐந்து, மேலே நிரந்தரமாகக் குடியிருந்த ஒரு காகம். உப்பளத்துக் காற்று குழாயைத் தின்றதால், திருப்பும்போதெல்லாம் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். இறங்கிவருபவனின் உள்ளங்கை செங்காவி நிறத்தில் இருக்கும். “சட்டையில தொடைக்காத” என்று அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள். அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

4. பணியாளர் அமைப்பு

இத்தொழிலுக்கு மூவர் தேவை. அவர்களை மேலாள், படியாள், கீழாள் என்று வகைப்படுத்தலாம்.

கீழாள் சாய்வு நாற்காலியில் இருப்பவர். பெரும்பாலும் அப்பா, சில வீடுகளில் தாத்தா. திரையைப் பார்ப்பதும் தீர்ப்பு சொல்வதும் மட்டுமே இவர் வேலை. படியாள் படிக்கட்டிலோ சன்னலிலோ நின்று தீர்ப்பை மேலே கடத்துபவர். பெரும்பாலும் அக்கா. மேலாள் வீட்டின் கடைக்குட்டி. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. மேலாள் தேர்விலும் அந்த மரபே தொடர்ந்திருப்பதைக் காண்கிறோம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டவனே மாடிக்கு அனுப்பப்பட்டான்.

5. ஒலிக்குறிகள்

களத்தில் பதிவான உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறோம்:

“எப்பா, வந்துட்டா?”

“இல்லலே. கொஞ்சம் கிழக்க திருப்பு.”

“கொஞ்சம் கிழக்க திருப்பணுமாம்ல!” (இது படியாள்.)

“இப்பம்?”

“ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல.”

“மூஞ்சி தெரியலையாம்!”

“யாரு மூஞ்சி?”

“வந்துட்டு... வந்துட்டு... போயிட்டு. ஏல, இப்பம் என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணலப்பா.”

“அதத்தான் திரும்பப் பண்ணு.”

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது காலதாமதம். கீழே ‘வந்துட்டு’ என்ற சொல் எழுந்து, படியில் ஏறி, மாடியை அடைவதற்குள் குழாய் இரண்டு விரற்கடை நகர்ந்திருக்கும். மேலாள் நின்ற இடம் வேறு, பாராட்டு வாங்கிய இடம் வேறு. அரசியலிலும் இப்படி நடப்பதுண்டு என்றாலும் அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அடுத்து வருவது இத்துறையின் ஆகக் கொடிய கட்டளை: “அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லு.” மேலாள் குழாயைப் பிடித்திருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும், கையை எடுத்தால் புள்ளி புள்ளியாகிவிடும். இதைப் பேய்க்கூத்து என்று சிலர் கருதினர். உண்மையில் மனித உடலும் மின்னைக் கடத்துவதுதான். ஆன்டெனா பக்கத்தில் நிற்கும் உடல் அலைகளின் போக்கை மாற்றும். அதாவது பையன் ஆன்டெனாவின் இன்னொரு கம்பியாகிவிடுகிறான். கம்பிக்குப் பசிக்காது, கொசு கடிக்காது, மறுநாள் பள்ளிக்கூடமும் கிடையாது என்பதே கீழாளின் நிலைப்பாடாக இருந்தது.

6. தலைகீழ் முத்துக்குளிப்புக் கோட்பாடு

இனி இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்புக்கு வருவோம். ஆன்டெனா திருப்பல் என்பது முத்துக்குளிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்ததேயாகும்.

சான்று ஒன்று: முத்துக்குளிப்பில் ஒருவர் கல்லைக் காலில் பூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உள்ளே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே தூக்குவார். நம் மாடியில் ஒருவன் மேலே போனான், ஒருவர் கீழே இருந்தார். கயிறு குழாயில் இருந்தது, கல் செங்கலாயிற்று.

சான்று இரண்டு: பருவம். கடல் அடங்கிக் கண்ணாடியாகக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே முத்துக்குளிக்க ஏற்றவை. சிலோன் டிவி தெளிவாக விழுவதற்கும் காற்று ஓய்ந்த நாளே தேவை. காரணம் இது: பிதுருதலாகலை உச்சியிலிருந்து நேர்கோட்டில் போகும் அலை இருநூறு கிலோமீட்டரைத் தாண்டினாலே பூமியின் வளைவில் மறைந்துவிடும். தூத்துக்குடியோ சுமார் 350 கிலோமீட்டர் தொலைவு. கடல்மட்டத்தில் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேல் வெப்பமான உலர்காற்றும் படுக்கையாகப் படியும்போது, அலை மேலே தப்பிப்போகாமல் வளைந்து கடலை ஒட்டியே ஓடிவரும். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் படுக்கை கலைந்தது, கதாநாயகியின் முகமும் கலைந்தது.

சான்று மூன்று: முத்துக்குளிப்பில் ‘கடல்கட்டி’ என்றொருவர் உண்டு. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் பொறுப்பு. ஆங்கிலேயர் காலத்திலும் அவருக்குரிய பங்கு கிடைத்தது. நம் துறையில் அந்த இடத்தை வகித்தவர் ரேடியோ மெக்கானிக். வருவார், பூஸ்டரைத் திறப்பார், ஊதுவார், மூடுவார். என்ன செய்தார் என்பது யாருக்கும் புரியாது. காசை வாங்கிக்கொண்டு, “மேகமா இருக்குண்ணாச்சி, அதான்” என்று போய்விடுவார்.

சான்று நான்கு சற்றுக் கசப்பானது. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்பது வழக்கம். ஒரு நிமிடம் போல மூச்சடக்கியவருக்கு மூன்றில் ஒன்று கிடைத்தது. இரண்டரை மணி நேரம் குழாயைப் பிடித்து நின்றவனுக்குக் கிடைத்தது, இறங்கி வந்தபிறகு அக்கா சொன்ன கதைச் சுருக்கம்.

7. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. ரூபவாஹினி வந்ததோ 1982. இடையில் 21 ஆண்டுகள் மரபு எங்கே போயிற்று? விடை: எங்கும் போகவில்லை, வானொலி முள்ளில் இருந்தது. கொழும்பு கிடைக்க முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திய அதே விரல்கள்தான் பிற்காலத்தில் குழாயைப் பிடித்தன.

மறுப்பு இரண்டு: அப்படி என்னதான் பார்த்தார்கள்? சிங்களம் தெரியுமா? விடை: தெரியாது. 1984-ஐ ஒட்டி நாடெங்கும் குறைசக்தி ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்து டெல்லி நிகழ்ச்சிகள் வந்தபோது இந்தியும் தெரியாது. ஆகவே எது புரிகிறதோ அதைப் பார்ப்பது என்ற தேர்வே அன்று இல்லை. எது புரியாமல் போனால் பரவாயில்லை என்பதே தேர்வு. ரூபவாஹினியின் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தெருவே கூடியது. மற்ற நேரங்களில் சிங்கள நாடகத்தில் மாமியார் அழுதால் இங்கேயும் பாட்டி அழுதாள். எந்த மொழியில் அழுதாலும் மாமியார் மேல்தான் தப்பு என்று மருமகள் தீர்ப்புச் சொன்னாள்.

மறுப்பு மூன்று: நாகப்பட்டினத்திலும்தான் திருப்பினார்கள், அங்கே ஏது முத்து? விடை: நாகப்பட்டினத்தார் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளட்டும்.

இங்கே அயலுறவுக் கொள்கை பற்றியும் ஒரு சொல். கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தபிறகு தூத்துக்குடி மாடிகளுக்கு இக்கட்டு ஒன்று நேர்ந்தது. கொடைக்கானல் வடமேற்கில், இலங்கை தென்கிழக்கில். ஒன்றுக்கு முகம் காட்டினால் இன்னொன்றுக்கு முதுகு. தெருவில் நடந்துபோகும்போது அண்ணாந்து பார்த்தால் எந்த வீடு அன்றைக்கு எந்த நாட்டோடு உறவு என்பது தெரிந்துவிடும்.

8. வீழ்ச்சி

1990-களின் தொடக்கத்தில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. தெருவில் ஒருவர் பெரிய கிண்ணத்தை ஒரே தடவை திருப்பி வைத்தார், நூறு மேலாட்கள் வேலை இழந்தார்கள். 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியே கொடுத்தது. திருப்ப ஆள் கொடுக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை.

இன்றைக்கு ஆளுக்கொரு கைப்பேசி. தனுஷ்கோடி மணலில் நின்றால் அது தானாகவே இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதுண்டு. ஒருவரும் மாடியேறத் தேவையில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு படம் பார்க்கிறார்கள், யாருக்கும் யாரும் ‘வந்துட்டு’ என்று சொல்வதில்லை. படத்தின் தெளிவு கூடியிருக்கிறது. படம் தெரிவதற்கு இன்னொருவரின் தயவு தேவைப்பட்ட காலம் போய்விட்டது. இதில் எது லாபம், எது நட்டம் என்பதைக் கணக்கில் கோட்டைவிடாத ஆய்வாளர்கள் கண்டறியட்டும்.

9. முடிவுகளும் பரிந்துரையும்

இவ்வாய்வால் நிறுவப்பட்டவை: ஆன்டெனா திருப்பல் ஒரு கடல்தொழில். அதன் முதலீடு குழாய், கயிறு, செங்கல். அதன் கூலி பூஜ்யம். அதில் ஈடுபட்ட மேலாட்கள், தாங்கள் வரவழைத்த படங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்தவர்கள் அல்லர்.

அரசு விருது, நினைவுத் தூண் போன்றவற்றை இவ்வாய்வு கோரவில்லை. தூண் நட்டால் அதையும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் வீட்டு மேலாள் யாரென்று விசாரியுங்கள். இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, ஒரு படத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை பார்க்கவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் எழுந்து போய்ப் பார்க்க அவரை அனுப்பாதீர்கள்.